குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலைத் திரும்பக் கேட்கப் போன கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

போடிநாயக்கனூருக்குத் திரும்ப ரயில் வந்த சூட்டோடு, அதை மேலே மூணாறு வரை கொண்டுபோக முடியுமா என்று ஐந்து பேர் சேர்ந்து ஒரு மனு எழுத உட்கார்ந்தோம். ஏறக்குறைய ஒரு வருஷம் இதோடு அலைந்தோம். கடைசியில் நாங்கள் கொடுத்த மனுவில் இன்ஜின் என்ற சொல்லே இல்லை. அது எப்படி ஆனது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். வேறொரு மலையில் வேறொரு பழைய பாதைக்காக உட்காருபவர்கள் எங்களைப் போல ஆறு மாதத்தை வீணாக்க வேண்டாம்.

பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுபவன். ஊட்டி மலை ரயில் பாதையில் கேங்மேனாக, அதாவது தண்டவாளம் பராமரிக்கும் ஆளாகச் சேர்ந்து, அந்தக் கேங்குக்குத் தலைவரான மேட்டாக ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அவரை எல்லோரும் மேட் என்றுதான் கூப்பிடுவோம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த மூணாற்று டீச்சர் ஒருவர், ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர், கேமராவோடு அலையும் கல்லூரித் தம்பி ஒருவன். இதுதான் குழு.

பின்னணி

தோட்டங்களின் தேயிலை மலையிறங்குவதற்காக 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போட்டது ஒற்றைத் தண்டவாளம். எவிங் முறை என்பார்கள். வண்டியின் பெரும்பாரம் ஒற்றைத் தண்டவாளத்தில் உருளும் சிறு சக்கரங்களின் மேல் உட்காரும், சாய்ந்துவிடாமல் இருக்க பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் வெறும் சாலையில் ஓடும், இழுப்பது மாடு. 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் முறையான ரயில் பாதை போட்டார்கள், சின்ன நீராவி இன்ஜின்கள் வந்தன. இதுதான் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். டாப் ஸ்டேஷனில் சரக்கை இறக்கி, ரோப் எனும் கம்பி வடம் வழியாக சுமார் ஐந்து கி.மீ. கீழே கோட்டகுடிக்கு, அதாவது பாட்டம் ஸ்டேஷனுக்கு, இறக்கினார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் 15 கி.மீ. வந்தால் போடி.

1924 ஜூலையில் வெள்ளம். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையில் இன்றும் அதற்குத் தொண்ணூத்தொம்பது வெள்ளம் என்றுதான் பெயர். பாதையை அடித்துக்கொண்டு போனது, யாரும் திரும்பப் போடவில்லை. மூணாற்றில் ரயில் நிலையமாக இருந்த கட்டடம் பிறகு தேயிலைக் கம்பெனி அலுவலகமாகிவிட்டது. நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வருகிற எல்லோருக்கும் ஒரு கனவு வரும், எங்களுக்கும் வந்தது.

போடி கதை வேறு. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையை அகலமாக்குகிறோம் என்று மூடியவர்கள், திறக்கப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். 2022 மே மாதம் தேனி வரை வந்தது, 2023 ஜூனில் போடிக்கு வந்தது. அன்றைக்கு ஸ்டேஷனில் நின்ற கூட்டத்தில் யாரோ ஒருவர் “இங்கேயே வந்திருச்சுல்ல, அப்படியே மேல ஏத்த வேண்டியதுதான” என்றார். சிரித்தோம். ஆனால் அந்த வாரமே முதல் கூட்டம் போட்டுவிட்டோம்.

முதல் மனு

தலைப்பு “போடி – மூணாறு மலை ரயிலை மீட்டெடுக்க வேண்டி”. இரண்டு பக்கம். ஊட்டி ரயில் போலப் பல்சக்கரப் பாதை (செங்குத்தில் வழுக்காமல் ஏற நடுவில் பல் வைத்த தண்டவாளம்), பொன்மலைப் பட்டறையில் புது நீராவி இன்ஜின், தோட்டத் தொழிலாளர்களுக்குப் பயண வசதி, சுற்றுலா வளர்ச்சி, எல்லாம் இருந்தது. பொன்மலையைச் சேர்த்தது நான்தான். ஊட்டி ரயிலுக்கு அங்கே புதிதாகவே எக்ஸ் வகை இன்ஜின் செய்து கொடுத்திருக்கிறார்கள், ஆகவே இன்ஜின் ஒரு பிரச்சினையே இல்லை என்று எழுதினேன். அது மீட்டர்கேஜ் இன்ஜின், இது இரண்டடிப் பாதை என்பது எனக்கு உறைக்கவில்லை.

சர்வேயர்தான் முதலில் கேட்டார்: “மீட்டெடுக்கணும்னு எழுதுறீங்க. போடியில இருந்து மூணாறுக்கு எப்ப ரயில் ஓடுச்சு?”

ஓடவே இல்லை. பழைய ரயில் மூணாற்றிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருக்கும் செங்குத்தில் இறங்கியது கம்பி வடம் மட்டும். அதிலும் ஒன்று: போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்ததே 1928-இல். மேலே ரயில் அழிந்து நான்கு வருஷம் கழித்துத்தான் கீழே ரயில் வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. மூன்று கூட்டம் நடத்தி, ஊரில் பலரிடம் கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் இது எங்கள் மண்டையில் ஏறியது என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது

சர்வேயர் வீட்டுத் திண்ணையில் ஒரு ஞாயிறு முழுக்க இதற்கே போனது. ஊட்டிப் பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றம் ஏறக்குறைய 12.5-க்கு 1, பன்னிரண்டரை மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் உயரும். மலையடிவாரத்திலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏற வேண்டியது வெறும் 1,000 மீட்டர் என்று கஞ்சத்தனமாகவே வைத்துக்கொள்வோம். ஓர் இடத்தில்கூடத் தளராமல் அதே ஏற்றத்தில் போனாலும் 12.5 கி.மீ. பல்சக்கரப் பாதை வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடும், நடுவில் நிலையம் வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், எதிர் வண்டி ஒதுங்க இடம் வேண்டும். ரோப் ஐந்து கி.மீ.-இல் முடித்த வேலை அது. அத்தனை நீளத்தையும் காட்டுச் சரிவில் மடித்து மடித்துப் புதிதாக வெட்ட வேண்டும். டாப் ஸ்டேஷன் நிற்பது தேனி மாவட்டத்தில், மூணாறு இடுக்கியில், பக்கத்திலேயே பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. இரண்டு மாநிலம், இரண்டு வனத்துறை.

அன்றைக்கு எடுத்ததுதான் முதல் பெரிய முடிவு: போடி இணைப்பைக் கைவிடுவது. போடிக்காரனான எனக்கு அது லேசாக இல்லை. ஆனால் ஒரு மனுவுக்குள் இரண்டு ரயில் இருந்தது, அதில் ஒன்று பழைய ரயிலே இல்லை. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேர் அந்த இல்லாத ரயிலுக்காகத்தான் போட்டிருந்தார்கள். அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் இன்றைக்கும் என்னிடம் பேசுவதில்லை.

நடந்து பார்த்த இரண்டு நாள்

சரி, மேலே ஓடிய முப்பது சொச்சம் கி.மீ.-யை மட்டும் பார்ப்போம் என்று டிசம்பரில் கிளம்பினோம். தோட்டத்துக்குள் நடக்க அனுமதி கேட்டோம், கிடைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, கேமராவோடு வந்த யாரோ ஐந்து பேர் கொழுந்து பறிக்கிற இடத்தில் எதற்கு? ஆகவே பொதுச் சாலையில் நடந்து, அங்கிருந்து தெரிந்ததை மட்டும் குறித்தோம்.

சாலையில் நடந்தாலும் மேட் கண்ணில் பட்டது எங்களுக்குப் படவில்லை. நாங்கள் தண்டவாளம், பாலம், பிளாட்பாரம் என்று தேடிக்கொண்டிருந்தோம். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மடிப்பிலும் நின்று, மேலே எங்கிருந்து ஓடை வருகிறது, சாலைக்கு அடியில் எங்கே நுழைகிறது, கீழே போய் எதை அரிக்கிறது என்று பார்ப்பார். மூணாறு முடிந்து மாட்டுப்பெட்டி வருவதற்குள் ஒரு நோட்டில் பாதிப் பக்கங்கள் கோடுகளாக நிறைந்துவிட்டன. “ரயிலு வந்தா சத்தம் கேக்கும் தம்பி. மண்ணு வந்தா கேக்காது” என்றார். கல்லாறு–குன்னூர் பகுதியில் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையும் ராத்திரி ரோந்து போனவர் பேச்சு அது. அங்கே மண் சரிந்து வண்டி ரத்தாவது இன்றும் வழக்கமான செய்திதான்.

இந்தப் பாதையில் அவரைக் கவலைப்பட வைத்தது இன்னொன்று. மூணாற்றுப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, ஜூன் ஜூலையில் கொட்டும். டாப் ஸ்டேஷன் முனை கிழக்கே பார்த்திருக்கிறது, வடகிழக்குப் பருவமழையும் அதை விடாது. ஒரே பாதை, இரண்டு முனையிலும் வெவ்வேறு மாதத்தில் அடி. ஆக வருஷத்தில் எத்தனை மாதம் கேங் சும்மா இருக்கும் என்று கேட்டேன். “சும்மா இருக்கிற கேங்கை நான் பார்த்ததில்ல” என்றார்.

மாட்டுப்பெட்டியில் தடம் போய்விட்டது. பழைய ரயில் ஓடிய காலத்தில் அங்கே அணை கிடையாது. குண்டளை அணை 1946-இல் முடிந்தது, மாட்டுப்பெட்டி 1950-களில். நீர்த்தேக்கக் கரையில் நின்று சர்வேயர் கையை நீட்டிக் காட்டினார், அந்த நேர்கோடு தண்ணீரில்தான் முடிந்தது. மீட்டெடுப்பது என்ற சொல் அந்த இடத்தில் பொருந்தாது, அங்கே போட்டால் அது புதுப் பாதை, புது வெட்டு, புது நிலம். நிலம் என்றால் அங்கே அது தனிக் காண்டம். 1971-இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசு மீட்கச் சட்டமே போட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் எது யாருடையது என்று பேச ஆரம்பித்தால் டீக்கடையில்கூட சத்தம் ஏறிவிடும்.

இரண்டாம் நாள் மாலை டீச்சரின் சொந்தக்காரர்கள் இருக்கும் லயத்தில் டீ குடித்தோம். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று டீச்சர் சொன்னதும் அந்த வீட்டு அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “ரயிலு வரட்டும் சார், வேணாங்கல. எங்க லயத்துக்குப் பின்னாடி மண்ணை வெட்டாம வருமா?”

2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் ராத்திரி மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் போனார்கள். எல்லாம் தோட்டத் தொழிலாளிக் குடும்பங்கள். மூணாற்று மலையில் உட்கார்ந்துகொண்டு மண் வெட்டுவதைப் பற்றிப் பேசும்போது அது யாருக்கு நினைவுக்கு வரவில்லை என்றால் எங்களுக்கு மட்டும்தான் வரவில்லை. “தொழிலாளர்களுக்குப் பயண வசதி” என்று மனுவில் எழுதியிருந்தேனே, அந்த வரியை அன்று இரவே அடித்தேன். மாத்தேரான் ரயில் 20 கி.மீ. சொச்சத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அப்படி ஒரு வண்டியில் யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? அவர்களுக்கு வேண்டியது நல்ல சாலையும் நேரத்துக்கு வரும் பஸ்ஸும், அதைக் கேட்க ரயில் மனு தேவையில்லை.

மற்ற மலைகளில் என்ன நடந்தது

திரும்பி வந்ததும் தம்பி சோர்ந்துவிட்டான். உலகத்தில் எங்குமே செத்த மலை ரயில் திரும்ப ஓடவில்லையா என்றான். ஓடியிருக்கிறது. அதையும் பார்த்தோம்.

பக்கத்து உதாரணம் நேரல்–மாத்தேரான், இதுவும் இரண்டடிப் பாதை, 1907-இல் வந்தது. 2005 ஜூலை வெள்ளத்தில் பலமாக அடி வாங்கி, 2007-இல் திரும்ப ஓடியது. எங்கள் கதைக்கு இது ஒத்து வருவது போலத்தான் முதலில் தோன்றியது, வெள்ளம் வந்து மீண்டிருக்கிறதே என்று. ஆனால் வெள்ளம் வந்த அன்று அது உயிருள்ள ரயில். நிலம் ரயில்வேயுடையது, வண்டி இருந்தது, வேலையாட்கள் இருந்தார்கள், அடுத்த நாளே மண்வெட்டியோடு போக ஒரு கேங் இருந்தது. குண்டளையில் அந்தக் கேங் கலைந்து நூறு வருஷம்.

சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா மலைப்பாதை இன்னும் நெருக்கமானது. கீழே சுரங்கப்பாதை 1982-இல் திறந்ததால் மேல் பாதை வேண்டாம் என்று கைவிட்டார்கள். ஆர்வலர்கள் சங்கம் கட்டி, தாங்களே மண் அள்ளி, 1992-இல் முதல் பகுதியை ஓட்டினார்கள். முழுசாக ஓட 2010 ஆனது. மொத்தம் 18 கி.மீ.தான். அந்தப் பாதையில் ஒரு பாலம் இருக்கிறது, பனிச்சரிவு அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் குளிர்காலத்துக்கு முன் மடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வருஷம் திரும்ப விரிப்பார்கள். இதைப் படித்துக் காட்டியபோது மேட் எழுந்து நின்றுவிட்டார். மலையோடு வாதாடாமல் வருஷா வருஷம் பாலத்தையே எடுத்து வைக்கிறான் பாருங்கள் என்று நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபுர்காவுக்கு இன்ஜின் வந்த கதை வேடிக்கையானது. பழைய இன்ஜின்கள் வியட்நாமின் தா லாட் மலை ரயிலுக்கு விற்கப்பட்டிருந்தன. அந்த 84 கி.மீ. பாதை போரில் நின்று, பிறகு அதன் தண்டவாளங்களை வேறு பாதைக்குப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். துருப்பிடித்துக் கிடந்த இன்ஜின்களை 1990-இல் சுவிஸ்காரர்கள் திரும்ப வாங்கி வந்துவிட்டார்கள். தா லாட்டில் இன்று சுற்றுலாவுக்கு ஓடுவது 7 கி.மீ., அதுவும் பல்சக்கரம் தேவைப்படாத சமதளத் துண்டு. ஒரு மலை ரயில் எழுந்ததற்கு இன்னொரு மலை ரயில் உதிரி பாகமானது.

இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இன்ஜின் எங்கிருந்தாவது வந்துவிடுகிறது. எழாத இடத்தில் இல்லாமல் போனது பாதை ஓடும் நிலமும், மழைக்குப் பிறகு அதில் போய் நிற்கிற ஆட்களும்தான்.

எடுத்த முடிவுகளும் ஒரு தவறும்

ஆறாவது கூட்டத்தில் மனுவை அடியோடு மாற்றினோம். ரயில் கேட்கவில்லை. பழைய பாதையின் தடம் இன்னும் தெரியும் இடங்களை அரசு முறையாக அளந்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும், அந்தத் துண்டுகளில் புதிய கட்டடம் வராமல் பார்க்க வேண்டும், வடிகால்களையும் சரிவையும் ஒரு மழைக்காலம் முழுக்க கவனித்துப் பதிய வேண்டும், லயங்களுக்கு மேலேயோ பின்னாலேயோ எந்த வெட்டும் கூடாது. இவ்வளவுதான். இதெல்லாம் இருந்தால், பத்து வருஷம் கழித்து நாலைந்து கி.மீ. சுற்றுலா ரயில் போடலாமா என்று வேறு யாராவது பேச அடிப்படை இருக்கும். எதுவும் போடாவிட்டாலும் அந்த அளவை வீணாகாது. தம்பிக்கும் சர்வேயருக்கும் இதில் பெரிய வாக்குவாதம். இப்படிச் சப்பென்று கேட்டால் எவன் படிப்பான் என்றான் தம்பி. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அதற்குள் தவறு நடந்துவிட்டது. மனு போவதற்கு முன்பே தம்பி, தேயிலைச் சரிவில் நீராவி ரயில் வருவது போல ஒரு படம் செய்து, “விரைவில்” என்று எழுதிப் பரப்பிவிட்டான். ஒரே வாரத்தில் அது எங்கள் கையை விட்டுப் போனது. அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று ஆக்கிவிட்டார்கள். டாப் ஸ்டேஷன் பக்கம் இடம் இருக்கிறதா என்று ஒரு புரோக்கர் எனக்கே போன் செய்தார். அதைவிட மோசம், சாலையோரத்தில் கேரட்டும் பழமும் விற்கும் ஒரு பெரியவர் டீச்சரைத் தேடி வந்து, என் கடையை எப்பம்மா எடுக்கச் சொல்வாங்க என்று கேட்டிருக்கிறார். தம்பி படத்தை எடுத்துவிட்டான், மன்னிப்பும் எழுதினான், ஆனால் படம் போன இடமெல்லாம் மன்னிப்பு போகவில்லை. அவனை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தப் படத்தை முதல் நாள் பார்த்து நானும் நல்லா இருக்கு என்றுதான் சொன்னேன்.

பிறகு நடந்தது

மனுவை இரண்டு மாநிலத்திலும் உரிய அலுவலகங்களில் கொடுத்தோம். ஒன்றிலிருந்து பெற்றுக்கொண்டதாகச் சீட்டு வந்தது. இன்னொன்றில், டாப் ஸ்டேஷன் எங்கள் பக்கம், ரயில் அவர்கள் பக்கம், நீங்கள் எங்கே கேட்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்று ஒருவர் மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். அதற்கு மேல் நகரவில்லை. சர்வேயர் தன் பங்குக்கு, சாலையிலிருந்து தெரிந்ததை வைத்து ஒரு கை வரைபடம் முடித்தார்: பச்சையில் தடம் தெரியும் இடம், மஞ்சளில் சந்தேகம், நீலத்தில் தண்ணீர். நீலமும் மஞ்சளும்தான் அதிகம். டீச்சர் அதைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார், பிள்ளைகள் தங்கள் லயம் எங்கே என்று தேடுகிறார்களாம்.

இன்னொரு தடவை என்றால்

முதல் நாளே வரைபடத்தை எடுப்பேன், கையெழுத்தைக் கடைசியில் வாங்குவேன். லயத்து அக்காவிடம் போனது ஏழாவது மாதத்தில், அது முதல் மாதத்தில் நடந்திருக்க வேண்டும். அவர் கேட்ட ஒரு கேள்வி எங்கள் ஐந்து கூட்டத்தை மிச்சப்படுத்தியிருக்கும். மழையில்லாத டிசம்பரில் நடந்ததும் தப்பு. மலைப் பாதையை ஜூலையில் பார்க்க வேண்டும், குடையோடு. தம்பி போட்ட மாதிரி எந்தப் படமும் வேண்டாம். படம் வேண்டுமென்றால் இப்போது அங்கே இருக்கிற இடத்தைப் படம் எடுத்துப் போடலாம்.

போன ஜூலையில் மேட்டும் டீச்சரும் மட்டும் அப்படிக் குடையோடு போய் வந்தார்கள். மாட்டுப்பெட்டிக்கு முன்னால் ஒரு கல் மதகு இருக்கிறது. ரயில் காலத்தது என்கிறார் மேட், இல்லை அது சாலை போட்டவர்கள் கட்டியது என்கிறார் டீச்சர், அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை. இலையும் பிளாஸ்டிக்குமாக அடைத்துத் தண்ணீர் சாலைக்கு ஏறிக்கொண்டிருந்ததாம். மேட் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, குச்சியால் குத்திக் குத்தி முக்கால் மணி நேரத்தில் அதைத் திறந்துவிட்டிருக்கிறார். இந்த ஜூலைக்கு மண்வெட்டி கொண்டுபோக வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.